படுக்க வைத்த புட்டுக்குழல்: மரத்தை வளைக்க வீட்டிலேயே ஓர் ஆவிப்பெட்டி

மரத்தில் ஒரு வளைவு வேண்டுமென்றால் இரண்டு வழி உண்டு. பலகையிலிருந்து வளைவாக அறுத்தெடுக்கலாம். அல்லது நேரான சட்டத்தையே வளைக்கலாம். நம் ஊர் மாட்டு வண்டிச் சக்கரம் முதல் வகை. அதன் சுற்றுக்கட்டை ஒரே மரம் இல்லை. வில் மாதிரி அறுத்த துண்டுகளை வரிசையாகக் கோத்து, மேலே காய்ச்சிய இரும்புப் பட்டாவை ஏற்றி இறுக்கியிருப்பார்கள். துண்டுகள் கனமாக இருப்பதால் வண்டிக்கு அது சரி. ஆனால் இரண்டு விரல் தடிமனில் ஒரு நாற்காலி முதுகை அப்படி அறுத்துப் பாருங்கள். வளைவின் ஓரிடத்தில் இழை நீளவாக்கில் ஓடும், இன்னோரிடத்தில் குறுக்கே வெட்டுப்பட்டு நிற்கும். யாராவது சாய்ந்து உட்கார்ந்தால் அந்தக் குறுக்கு இடம் பிஸ்கட் போல ஒடியும்.

வளைத்த மரத்தில் இழையும் கூடவே வளைந்து போகிறது, அதனால் எங்கும் அறுபடுவதில்லை. ஒல்லியாகச் செய்தாலும் தாங்கும். ஹாக்கி மட்டையின் கொக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜலந்தரிலும் சியால்கோட்டிலும் முசுக்கட்டை மரத்தை, அதாவது மல்பெரியை, சூட்டிலும் ஈரத்திலும் பதப்படுத்தி வளைத்துத்தான் அந்த மட்டைகளைச் செய்தார்கள். வளைவாக அறுத்த மட்டையாக இருந்தால் ஓர் ஆட்டம்கூட நிற்காது.

சரி, மரத்தை எப்படி வளைப்பது? பிரம்பு நாற்காலி செய்பவர்கள் பிரம்பைத் தீயில் வாட்டி வளைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிரம்புக்கு அது பலிக்கும். ஓர் அங்குலச் சட்டத்தைத் தீயில் காட்டினால் உள்ளே சூடேறுவதற்குள் மேலே கரியாகிவிடும். வெளியே கருகாமல் நடுவரைக்கும் சூடு ஏற வேண்டும், அதே சமயம் மரம் காய்ந்தும் போகக்கூடாது. இந்த வேலையைச் சமையலறையில் நாம் தினமும் செய்கிறோம். கீழே பானையில் நீர் கொதிக்கிறது, மேலே குழலுக்குள் ஆவி ஏறுகிறது, உள்ளே இருப்பது வேகிறது. மரத்துக்கான ஆவிப்பெட்டி என்பது படுக்க வைத்த புட்டுக்குழல், அவ்வளவுதான். நான் முதன்முதலில் வாசலில் இதை வைத்து அடுப்பு மூட்டியபோது எங்கள் தெரு ஆசாரி எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, எத்தனை பேருக்குப் புட்டு?" என்றார். எந்த விளக்கமும் இல்லாமலே அவருக்குப் புரிந்துவிட்டது.

மரத்துக்குள் என்ன நடக்கிறது

மரத்தை மெல்லிய நார்க்கற்றை என்று நினைத்துக்கொள்ளுங்கள். நார்கள் செல்லுலோஸ். அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பசைக்கு லிக்னின் என்று பெயர். லிக்னின் கிட்டத்தட்ட அரக்கு மாதிரி. குளிர்ந்தால் கல், சூடானால் குழைவு. காய்ந்த நிலையில் அது இளக 130 டிகிரிக்கு மேல் போக வேண்டும். ஈரம் இருந்தால் 80, 90 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடுகிறது. நீர் கொதிக்கும் 100 டிகிரி அதற்குத் தாராளம். அரக்கு இளகும்போது நார்கள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கும். அந்த நேரத்தில் வளைத்து, ஆறும்வரை பிடித்து வைத்தால் புது வடிவத்திலேயே இறுகிவிடும்.

ஆவி மரத்தை நனைப்பதற்காக என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை, சூடேற்றத்தான். ஈரம் மரத்தில் முன்பே இருக்க வேண்டும். ஆவி செய்யும் உதவி, சூடேறும்போது அந்த ஈரம் ஓடிப்போகாமல் காப்பது. நன்றாகக் காய்ந்துபோன மரத்தை மூன்று மணி நேரம் ஆவியில் வைத்தாலும் அது பச்சை மரம் போல ஆகாது.

சூடேற்ற ஆவியைப் போல வேறொன்று கிடையாது. ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 290 கிலோஜூல் போதும். அதே நீரை 100 டிகிரியில் வைத்தே ஆவியாக்க 2,250 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். எட்டு மடங்கு நெருங்குகிறது. ஆவி குளிர்ந்த மரத்தில் பட்டு மறுபடி நீராகும்போது அந்தச் சூடு முழுவதையும் அங்கேயே இறக்கிவிட்டுப் போகிறது. கொதிநீர் பட்ட கையைவிட ஆவி பட்ட கை மோசமாக வேகக் காரணமும் இதுதான். அதனால் தடித்த தோல் கையுறை வாங்காமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

பெட்டி கட்டுவது

முதலில் ஒரு விஷயம், இது குக்கர் இல்லை. உள்ளே அழுத்தம் ஏறவே கூடாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். வீட்டு குக்கரில் விசில் வரும்போது உள்ளே சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம். 15 சென்டிமீட்டர் அகலமும் 120 சென்டிமீட்டர் நீளமும் உள்ள பலகையின் பரப்பு 1,800 சதுர சென்டிமீட்டர். அதே அழுத்தம் பெட்டிக்குள் வந்தால் ஒவ்வொரு பலகையையும் 1,800 கிலோ வெளியே தள்ளும். இரண்டு சின்ன கார்களின் எடை. எந்தத் திருகாணியும் தாங்காது. ஆகவே பெட்டி கசிய வேண்டும். இடுக்கில் ஆவி புகைவதைப் பார்த்து எம்-சீல் எடுத்து ஓடாதீர்கள். புட்டுக்குழலின் மூடியில் ஓட்டை இருப்பது சும்மா இல்லை.

பெட்டிக்கு மரைன் பிளைவுட் நல்லது. ஐஎஸ் 710 என்று முத்திரை இருக்கும். கொதிநீரில் பிரியாத பசை போட்டு ஒட்டியது. விலை குறைந்த கமர்ஷியல் பிளைவுட் ஐந்தாறு முறை ஆவி பட்டதும் அப்பளம் அப்பளமாக உரியும். பழைய கதவுப் பலகை கிடைத்தாலும் பரவாயில்லை, கொஞ்சம் கோணும் அவ்வளவுதான். பிவிசி குழாய் வேண்டாம். என் முதல் பெட்டி நான்கு அங்குல பிவிசி குழாய்தான். அறுக்க வேண்டாம், ஆணி அடிக்க வேண்டாம், எவ்வளவு சுலபம் என்று பெருமைப்பட்டேன். முக்கால் மணி நேரத்தில் நடுவில் தொய்ந்து தொட்டில் மாதிரி தொங்கியது. பிவிசி 80 டிகிரிக்கு முன்னாலேயே இளகிவிடும் பொருள். மரத்துக்கு முன் குழாய் வளைந்ததில் ஆச்சரியம் இல்லை.

அளவு ரொம்பப் பெரிதாக வேண்டாம். உட்புறம் 15 சென்டிமீட்டர் சதுரம், நீளம் 120 சென்டிமீட்டர் என்றால் கொள்ளளவு 27 லிட்டர். வீட்டு அடுப்பு சமாளிக்கும். அகலத்தை இரண்டு மடங்காக்கினால் ஆவியில் பாதி சுவரைச் சூடாக்குவதிலேயே போய்விடும். நான்கு பலகையையும் துருப்பிடிக்காத திருகாணி போட்டுப் பூட்டுங்கள், பசை தேவையில்லை. ஒரு முனையைப் பலகையால் மூடிவிடுங்கள். மறுமுனைக்குக் கீல் வைத்த கதவு, அதுவும் சோம்பலாக இருந்தால் சுருட்டித் திணித்த பழைய துண்டு. நான் இன்னும் துண்டில்தான் இருக்கிறேன்.

உள்ளே மரம் தரையில் படுக்கக்கூடாது. நாலாபுறமும் ஆவி சுற்ற வேண்டும். பக்கப் பலகைகளில் 20 சென்டிமீட்டருக்கு ஒன்றாகத் துளை போட்டு மூங்கில் குச்சிகளைக் குறுக்கே செருகுங்கள். மரம் அதன்மேல் உட்காரும். இங்கே இரும்புக் கம்பி போட ஆசை வரும். போடாதீர்கள். ஓக், கருவேலம் போன்ற துவர்ப்புச் சத்து உள்ள மரங்களில் ஈர இரும்பு பட்டால் மை ஊற்றியது போலக் கறை ஏறும், இழைத்தாலும் சுலபத்தில் போகாது. கடுக்காயும் இரும்பும் சேர்த்துக் கறுப்புச் சாயம் காய்ச்சுவார்களே, அதே வேதியியல்.

பெட்டியைக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள், ஒரு முனை இரண்டு மூன்று சென்டிமீட்டர் தாழ்வாக. தாழ்ந்த முனையில் அடிப்பலகையில் சுண்டுவிரல் நுழையும் ஒரு துளை. குளிர்ந்த நீர் சொட்டுவதும் மிச்ச ஆவி வெளியேறுவதும் அந்த வழியாகத்தான். அந்தத் துளையை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். ஆவி ஏறும் துளை அடிப்பக்கம் நடுவில். மேல் பலகையில், ஆவி கடைசியாகப் போய்ச்சேரும் கோடியில், சமையல் தெர்மாமீட்டர் செருக ஒரு சின்னத் துளை. வெளியே இரண்டு சாக்கு போர்த்திவிட்டால் சூடு நிற்கும். தெர்மோகோல் சுற்ற வேண்டாம், சுருங்கிப்போகும்.

ஆவிக்கு என்ன செய்வது? மேல்நாட்டில் சுவரில் ஒட்டிய காகிதத்தை உரிக்க ஓர் ஆவி இயந்திரம் விற்கிறார்கள். அங்கே மரம் வளைப்பவர்கள் அதைத்தான் பெட்டியில் மாட்டுகிறார்கள். நம்மிடம் சுவர்க்காகிதமும் குறைவு, இயந்திரமும் குறைவு. துணிக்கு ஆவி பிடிக்கும் ஸ்டீமர் இருந்தால் மெல்லிய மரத்துக்கு ஓடும். 2,000 வாட் ஹீட்டர் மணிக்கு ஏறக்குறைய மூன்று லிட்டர் நீரை ஆவியாக்கும். அதன் தொட்டியோ ஒன்றரை இரண்டு லிட்டர். அரை மணி நேரத்தில் வறண்டு நிற்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நான் சொல்வது ஐந்தாறு லிட்டர் பிடிக்கும் ஒரு குண்டானும் கேஸ் அடுப்பும். மூடியில் முக்கால் அங்குலத் துளை போட்டு, ஒரு குழாய்த்துண்டு பொருத்தி, அங்கிருந்து பெட்டிவரை கார் ரேடியேட்டர் ஹோஸ். உதிரிபாகக் கடையில் கிடைக்கும், கொதிநீருக்கென்றே செய்தது. தோட்டத்துக் குழாய் சூட்டில் துவண்டு மடங்கிவிடும். மடங்கினால் ஆவி அடைபடும். குண்டானின் மூடி அதற்கப்புறம் மூடியாக இருக்காது, எகிறும் தட்டு. மூடியின் விளிம்பை தம் பிரியாணிக்குப் போல மைதா மாவு பூசி ஒட்டினால் போதும். உள்ளே அழுத்தம் ஏறினால் முதலில் பிய்வது அந்த மாவுதான், அது நல்லதும்கூட. பிரஷர் குக்கரின் வெயிட்டைக் கழற்றிவிட்டு அந்த மூக்கில் குழாய் மாட்டுபவர்களும் உண்டு. அந்த மூக்கின் துளை சின்னது. ஒரு துணுக்கு அழுக்கு போதும் அடைக்க. எனக்கு அதில் மனசு ஒப்பவில்லை.

நீர் தீர்ந்ததை எப்படித் தெரிந்துகொள்வது? இட்லிப் பானைக்குப் பாட்டிகள் செய்வதுதான். ஒரு நாணயத்தைக் குண்டானில் போட்டு வையுங்கள். நீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை கடகடவென்று சத்தம் போடும். சத்தம் நின்றால் ஓடுங்கள். பக்கத்து அடுப்பில் கொதிநீர் தயாராக இருக்கட்டும். பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஆவி பத்து நிமிடம் நின்றுபோகும்.

தெர்மாமீட்டர் 95 டிகிரி தாண்டிய பிறகே மரத்தை உள்ளே வைக்க வேண்டும், நேரத்தை அப்போதிருந்துதான் எண்ண வேண்டும். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேரம், அரை அங்குலத்துக்கு அரை மணி நேரம் என்பது உலகம் முழுக்கச் சொல்லும் கணக்கு. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்கள் 95க்காகக் காத்திருக்க வேண்டாம்; அங்கே நீரே 93 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கிறது. ஊசி மேலே ஏறாமல் நின்றதும் மரத்தை வைத்துவிட்டு, நேரத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். அதற்காக இரண்டு மூன்று மடங்கு வேகவிட்டால் இன்னும் குழையும் என்று நினைக்காதீர்கள். அதிகம் வெந்த மரம் வளைக்கும்போது சுருக்கம் விழுந்து நைந்துபோகும்.

எந்த மரம்

இதில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள், பெட்டியில் அல்ல. நன்றாக வளைபவை பெரும்பாலும் குளிர்நாட்டு மரங்கள்: ஆஷ், ஓக், பீச், எல்ம். நம் மரவாடிகளில் இறக்குமதி ஆஷும் பீச்சும் கிடைக்கின்றன. ஆனால் அவை சூளையில் உலர்த்தி வந்தவை, லிக்னின் ஒருமுறை காய்ந்து இறுகிவிட்டது. ஊறவைத்தால் கொஞ்சம் இளகும், புதிதாக வெட்டி நிழலில் உலர்த்திய மரத்துக்கு ஈடாகாது. மரத்தில் 20, 25 சதவீதம் ஈரம் இருக்கும்போது வளைப்பது உத்தமம். பட்டுப்பூச்சி வளர்க்கும் ஊர்ப்பக்கம் இருந்தால், புதராக வெட்டாமல் மரமாக விட்ட முசுக்கட்டைக் கிளை கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பேக்கிங் பெட்டிப் பைன் மரத்தை மட்டும் தொடாதீர்கள். இலவசமாகக் கிடைக்கிறதே என்று நான் எட்டுத் துண்டு வேகவைத்தேன். எட்டும் ஒடிந்தன.

மர வகையைவிட முக்கியம் ரேகை. சட்டத்தின் பக்கவாட்டில் பாருங்கள். ரேகை ஒரு முனையில் தொடங்கி மறுமுனைவரை விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும். நடுவழியில் விளிம்பைத் தாண்டி வெளியேறினால் வளைக்கும்போது அந்த இடத்தில்தான் சிலாம்பு எழும்பும். கணு கூடவே கூடாது, மிளகளவு இருந்தாலும். ரம்பம் ரேகையைப் பார்த்து அறுப்பதில்லை. அதனால் பழைய நாற்காலிக்காரர்கள் மரத்தை ஆப்பு வைத்துப் பிளந்து எடுத்தார்கள். பிளவு தானாகவே ரேகை வழியே போகும்.

வளைப்பது

இப்போது கொஞ்சம் கணக்கு. 2 சென்டிமீட்டர் தடிமன் உள்ள சட்டத்தை, உள் ஆரம் 20 சென்டிமீட்டர் இருக்கும்படி அரைவட்டமாக வளைக்கிறோம் என்று வையுங்கள். உள்விளிம்பின் நீளம் 62.8 சென்டிமீட்டர். வெளிவிளிம்பு 69.1. நடுக்கோடு 66. மரம் முதலில் 66 சென்டிமீட்டர் நேர்ச்சட்டமாக இருந்தது என்றால், வெளிப்புறம் கிட்டத்தட்ட 5 சதவீதம் நீள வேண்டும், உட்புறம் 5 சதவீதம் குறுக வேண்டும்.

வெந்த மரம் குறுகச் சம்மதிக்கும். நல்ல மரம் 25 சதவீதம்வரைகூட அமுங்கும். நீளத்தான் சம்மதிக்காது. ஒன்று, அதிகம் போனால் இரண்டு சதவீதம், அப்புறம் கிழிந்துவிடும். ஒடிந்த மரங்களைப் பாருங்கள், எப்போதும் வெளிப்புறத்தில்தான் பிளந்திருக்கும்.

அப்படியானால் வெளிப்புறத்தை நீளவிடாமல் பிடித்துக்கொண்டு, எல்லா மாற்றத்தையும் உட்புறத்தின் தலையில் கட்ட வேண்டும். இதை நாற்காலித் தொழிலாகவே மாற்றியவர் மிக்கேல் தோனெட். ஜெர்மனியின் பொப்பார்டில் 1796-இல் பிறந்த மரவேலைக்காரர், பிறகு வியன்னாவில் தொழில் நடத்தினார். முதலில் மெல்லிய மரப்பட்டைகளை ஒட்டி வளைத்துப் பார்த்தார். அப்புறம் முழு பீச் மரத்தையே ஆவியில் வேகவைத்து, வெளிப்புறத்தில் ஓர் இரும்புப் பட்டையை இறுக்கிக் கட்டி வளைக்கும் முறைக்கு வந்தார். 1859-இல் வந்த அவருடைய 14-ஆம் எண் நாற்காலி ஆறு மரத்துண்டு, பத்துத் திருகாணி, இரண்டு நட்டு. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கும். வளைந்த முதுகோடு பிரம்பு பின்னிய இருக்கையாக, மும்பையின் பழைய இரானி கஃபேக்களில் நீங்கள் பார்க்கும் நாற்காலிகள் அந்தக் குடும்பம்தான்.

நம் கணக்குக்கு வருவோம். சட்டத்தை 69.1 சென்டிமீட்டராக வெட்டி, அதன் இரு முனைகளிலும் முட்டுக்கட்டை வைத்த ஒரு தகட்டுப் பட்டையை வெளிப்புறத்தில் பொருத்துங்கள். ஒரு மில்லிமீட்டர் தடிமன் எஸ்எஸ் தகடு போதும், அகலம் சட்டத்தின் அகலமே. வளைக்கும்போது மரம் வெளியே நீளப் பார்க்கும், முட்டுக்கட்டை விடாது. உட்புறம் 69.1-இலிருந்து 62.8-க்கு, அதாவது 9 சதவீதம் அமுங்கும். அது மரத்தின் சக்திக்கு உட்பட்டதுதான். முட்டுக்கட்டைக்கும் மரத்துக்கும் நடுவே நகக்கண் இடைவெளி இருந்தாலும் அந்த அளவுக்கு வெளிப்புறம் நீளும்; ஒட்டி உட்கார வேண்டும்.

மரத்தை வளைத்துப் பிடித்து வைக்கும் அச்சை பிளைவுட் அடுக்கிச் செய்யுங்கள், கிளாம்ப் (இறுக்குப்பிடி) மாட்ட ஓட்டைகளோடு. வேகாத, விரல் தடிமன் கூட இல்லாத ஒரு மரப்பட்டையை வைத்து முதலில் ஒத்திகை பாருங்கள். யார் எங்கே நிற்பது, எந்த கிளாம்ப் முதலில், அது எவ்வளவு திறந்திருக்க வேண்டும், எல்லாம். பெட்டியிலிருந்து மரம் வெளியே வந்ததும் உங்களுக்கு அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம் கிடைக்கும். அதற்குள் மேற்பரப்பு ஆறி விறைத்துவிடும். கிளாம்ப்பின் மரையைத் திருகித் திறக்க அங்கே நேரம் இல்லை. கதவைத் திறப்பவர் பக்கவாட்டில் நிற்கட்டும், முகத்தை நேரே கொண்டுபோக வேண்டாம். நடுவில் முதல் கிளாம்ப், பிறகு இருவரும் இரண்டு முனைகளையும் சேர்ந்தாற்போல் இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுக்காமல், விட்டுவிட்டும் இழுக்காமல், கனமான கதவைத் தள்ளுவது போல ஒரே சீராக. நன்றாக வெந்த மரம் கையில் ஈரத் தோல் மாதிரி இருக்கும். உள்ளே லேசாக நொறுநொறுவென்று கேட்டால் பயப்பட வேண்டாம். 'டப்' என்று கேட்டால் அடுத்த துண்டை வேகவைக்கலாம்.

கிளாம்ப்போடு ஒரு நாள் முழுக்க அப்படியே இருக்கட்டும். பிறகு அச்சிலிருந்து எடுத்து, முனைகளைக் கயிற்றாலோ குறுக்குச் சட்டத்தாலோ பிணைத்து, நிழலில் காற்றோட்டமாக ஒரு வாரமாவது வையுங்கள். ஈரம் போய் லிக்னின் இறுகும்வரை வடிவம் உறுதி இல்லை. அப்படியும் விட்டதும் சற்று விரியும். எவ்வளவு என்பது மரத்துக்கு மரம் மாறும், ஒரே மரத்தின் இரண்டு துண்டுகளுக்கே மாறும். அதனால் அச்சை வேண்டிய வளைவைவிடக் கொஞ்சம் நெருக்கமாகச் செய்வது வழக்கம். நாற்காலிக்கு ஒரே மாதிரி இரண்டு கை வேண்டுமென்றால் நான்கு வளைத்து, ஒத்துப்போகும் இரண்டை எடுத்துக்கொள்வேன்.

முதல் வேலையாக நாற்காலியில் இறங்காதீர்கள். ஆறு மில்லிமீட்டர் தடிமனில் துணி மாட்டும் கொக்கியோ, கூடைக்குக் கைப்பிடியோ போதும். பதினைந்து நிமிடம் வேகவைத்தால் வந்துவிடும், தகட்டுப் பட்டைகூட வேண்டாம். வேலை முடிந்ததும் பெட்டியைத் திறந்து நிமிர்த்தி வெயிலில் சாய்த்து வையுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் அடுத்த முறை திறக்கும்போது உள்ளே பூஞ்சணம் பூத்திருக்கும். துண்டும் அதே கதிதான்.